கும்பகோணம் – பீனியா (வழி: சில்க் போர்டு)

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அதனால் எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் செய்ய மாட்டேன். போட்ட கணக்கு சரியா என்று திரும்பப் பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

வேலைக்காக ஊர் மாறியவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலிலேயே ஒரு வேண்டுகோள். உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும், தயவுசெய்து ஒத்துக்கொள்ளுங்கள். நான் ஒருவன் மட்டும்தான் இப்படி என்று என் வீட்டில் உறுதியாக நம்புகிறார்கள்.

எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிகள், மெக்கானிக்கல் பையன்களையும் கோடிங் எழுதத்தான் கூப்பிட்டன. லேத்தைத் தொட்டவன் லேப்டாப்பைத் தொடுவதா என்று கொள்கை பேசி விலகி நின்றேன். டெஸ்ட் எழுதி ஃபெயிலானதற்குப் பிறகு பேசிய கொள்கை அது.

கடைசியில் தெரிந்தவர் மூலமாக பெங்களூர் பீனியாவில் ஒரு மெஷின் ஷாப்பில் ட்ரெய்னி இன்ஜினியர் வேலை கிடைத்தது. ஆஃபர் லெட்டரில் சிடிசி ஆண்டுக்கு 2.64 லட்சம் என்று போட்டிருந்தது. மனக்கணக்காகவே 12-ஆல் வகுத்து, ‘மாசம் இருபத்திரண்டாயிரம்பா’ என்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலத்துக்குள் தெருவில் அது இருபத்தைந்தாகியிருந்தது.

முதல் சம்பளம் 17,000 சொச்சம் வந்தது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அக்கவுண்ட்ஸுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். பி.எஃப்.புக்கு என் பங்கு 12 சதவீதம் போக, கம்பெனி போடும் 12 சதவீதமும் அந்த சிடிசிக்குள்தான் இருக்கிறதாம். அப்புறம் ஈஎஸ்ஐ. அப்புறம் கர்நாடகத்தில் அப்போது என் சம்பளத்துக்கும் மாதாமாதம் பிடித்த தொழில்வரி 200 ரூபாய். அப்புறம் கிராஜுவிட்டி, பேசிக்கில் 4.81 சதவீதம். அது ஐந்து வருஷம் வேலை பார்த்தால்தான் கைக்கு வரும். ஐந்து வருஷம் கழித்து வரப்போகிற காசையும் சேர்த்துத்தான் அப்பா தெருவில் சொல்லியிருந்தார்.

இந்த வித்தியாசத்தை அப்பாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

தங்குவதற்கு இடம் பார்க்கும் வேலையையும் புத்திசாலித்தனமாகவே செய்தேன். பள்ளிக்கூட நண்பன் ஒருவன் எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்தான். அவன் பீஜியில் ஒரு கட்டில் காலி. பீனியாவும் பெங்களூர், எலக்ட்ரானிக் சிட்டியும் பெங்களூர். மேப்பில் பார்த்தேன், முப்பது கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர், பாபநாசத்தில் நின்று ஆள் ஏற்றியும் பஸ் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அப்படியானால் இது முக்கால் மணி நேரம். முன்தொகை கட்டிவிட்டேன்.

ஒன்று ஊரின் தென்கிழக்கு மூலை, இன்னொன்று வடமேற்கு மூலை. நடுவில் சில்க் போர்டு இருக்கிறது.

நான் சில்க் போர்டு என்பது ஒரு ஜவுளிக்கடை பெயர்ப் பலகை என்று நினைத்திருந்தேன். மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகம் அந்த முனையில் இருப்பதால் வந்த பெயராம். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள். அந்த சிக்னலில் நான் பஸ்ஸுக்குள் நின்றிருந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் முந்தானையோடு ஒரு சேலை முடிந்திருக்கும்.

காலையில் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மெஜஸ்டிக் வரை பஸ், மெஜஸ்டிக்கிலிருந்து பீனியாவுக்கு மெட்ரோ. மெட்ரோவில் போகிற நேரம் கொஞ்சம்தான். மெட்ரோவைப் போய்ப் பிடிக்கிற நேரத்தில் நான் ஊருக்கே போய்விடலாம். முதல் நாளே லேட். ‘டிராஃபிக் சார்’ என்றேன். எச்.ஆர். சிரித்தார். ‘டிராஃபிக் இருக்குன்னு தெரிஞ்சுதானே எல்லாரும் முன்னாடி கிளம்பறாங்க’ என்றார். பெங்களூரில் அது காரணமாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. வயிற்றுவலி என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்.

இரண்டாவது சம்பளம் வந்ததும் பீனியாவுக்குப் பக்கத்திலேயே தாசரஹள்ளியில் வீடு பார்க்கக் கிளம்பினேன். வாடகை 6,000 என்றார்கள். அட, பரவாயில்லையே என்று நினைத்தபோது, ‘அட்வான்ஸ் அறுபது’ என்றார் புரோக்கர். அறுபது என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எந்த ஊர் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது பெங்களூர் வழக்கம். பின்னால் 2021-ல் மத்திய அரசு ஒரு மாதிரி வாடகைச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்று அதில் இருக்கிறது. ஆனால் மாநில அரசு ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். நான் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் ஓனரம்மாவிடம் காட்டினேன். அவர் வாங்கி, பின்பக்கத்தில் இருந்த தங்கம் விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அக்ரிமென்ட் பதினோரு மாதம். ஏன் பன்னிரண்டு இல்லை என்று புரோக்கரிடம் கேட்டதற்கு, ‘அது அப்படித்தான்’ என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் போகிற குத்தகையை 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்டர் செய்ய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினொன்று என்று நானே தேடிப் படித்து அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு போனார்.

காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்கள் என்பது அக்ரிமென்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் கடைசிப் பக்கம் படிக்கவில்லை. அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் சுவரில் ஒரு ஆணி அடிக்காமல், காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டி, தலையில் எண்ணெய் வைத்த நாளில் சுவரில் சாயாமல் வாழ்ந்தேன். நான் காலி செய்தபோது புதுசாக இருந்த சுவருக்கு என் காசில் மறுபடி பெயின்ட் அடித்தார்கள்.

பெங்களூர் என்றால் குளிர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மா ஸ்வெட்டர், மங்கி கேப், கம்பளி எல்லாம் வாங்கிப் பெட்டியில் வைத்தார். ‘டேபிள் ஃபேன் எடுத்துக்கோடா’ என்றதற்கு, ‘அங்கே ஏசியே தேவைப்படாதும்மா, ஃபேன் எதுக்கு’ என்று வாத்தியார் மாதிரி பதில் சொன்னேன். 2016 ஏப்ரல் 24 அன்று அந்த ஊரில் 39.2 டிகிரி அடித்தது என்பது நான் போவதற்கு முன்பே நடந்து முடிந்த சமாச்சாரம். என் முதல் ஏப்ரலில், ஃபேன் மாட்டக் கொக்கி மட்டும் இருந்த அறையில், அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மங்கி கேப் வீண்போகவில்லை. அதில் வெங்காயம் வைத்திருந்தோம்.

‘தோம்’ என்றேன் அல்லவா, அறையைப் பகிர்ந்துகொள்ள ஒரு காரைக்குடிப் பையன் வந்து சேர்ந்திருந்தான். பி.காம். படித்துவிட்டு அக்கவுண்டன்ட் வேலை. சமையல் நான் என்று பொறுப்பெடுத்துக்கொண்டேன். முதல் நாளிலிருந்தே சாதம் நறுக்கரிசியாகத்தான் இறங்கியது. தண்ணீர் கூட்டிப் பார்த்தேன், விசில் கூட்டிப் பார்க்க விசிலே வரவில்லை.

அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. அவனை உட்கார வைத்து வகுப்பெடுத்தேன். ‘இந்த ஊர் கடல் மட்டத்துலேருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கு. காத்தழுத்தம் கம்மி. அதனால தண்ணி 100 டிகிரிக்குப் போகாது, 97-லயே கொதிச்சுடும். அரிசி எப்படி வேகும்? இதுதான் தெர்மோடைனமிக்ஸ்.’

அவன் எழுந்து போய் குக்கர் மூடியைத் திருப்பிப் பார்த்தான். ‘எல்லாம் சரிடா, கேஸ்கட் எங்கே?’ என்றான்.

கேஸ்கட், கும்பகோணத்திலிருந்து வந்த பெட்டியின் அடியில் காகிதத்தில் சுற்றியபடியே இருந்தது. அம்மா தனியாக வைத்திருந்தார். நான் அதை ஏதோ வளையல் என்று நினைத்து, அக்காவுக்கு வைத்தது தவறி என் பெட்டியில் வந்துவிட்டது போல என்று விட்டுவிட்டேன். அக்காவின் கையை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை என்று பி.காம். கேட்டான்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். டெல்டாக்காரனுக்கு பெங்களூரில் குடிதண்ணீர் குடிப்பது கொஞ்சம் சங்கடமான அனுபவம். குழாயில் வருவது காவிரி. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு, கட்டம் கட்டமாக பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். மெக்கானிக்கல்காரன் கைதட்ட வேண்டிய வேலை. எங்கள் ஊருக்கோ அது எந்த மோட்டாரும் இல்லாமல் இறங்கி வர வேண்டியது, அதுவும் மேட்டூரைத் திறந்தால்தான். ஜூன் 12 ஆனால் தண்ணீர் வருமா என்று அப்பா போனில் புலம்புவார். நான் அந்தப் பக்கம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தபடி ‘ஆமாம்பா, அநியாயம்பா’ என்பேன்.

வெளியே சாப்பிடப் போனால் அங்கே வேறு மாதிரி மானம் போயிற்று. தர்ஷினி என்கிற ஓட்டல்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. நான் போய் ஒரு உயர மேஜை பக்கத்தில் நின்றேன். நாற்காலி இல்லையே, கழுவப் போட்டிருப்பார்கள், கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கும்பகோணத்தான் பொறுமைசாலி. தட்டு எடுக்கிற பெரியவர்தான் இரக்கப்பட்டு, முதலில் கவுன்டரில் டோக்கன் வாங்க வேண்டும், அப்புறம் நாமே போய் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட வேண்டும் என்று சைகையில் சொல்லிக் கொடுத்தார். சாம்பார் இனித்தது. நான் கெட்டுப்போன சாம்பார் என்று புகார் சொல்ல நினைத்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் குடித்துவிட்டேன்.

காபி விஷயத்தில் நமக்கு ஒரு கர்வம் உண்டு. ஊர்ப் பெயரைப் போட்டு ஹைவே முழுக்க விற்கிறார்களே, சும்மாவா. எல்லோரும் ‘பை-டூ காபி’ ‘பை-டூ காபி’ என்று கேட்கவே, நம்ம டிகிரி காபி மாதிரி இது இந்த ஊர் ஸ்பெஷல் போலும் என்று நானும் கம்பீரமாக ஒரு பை-டூ கேட்டேன். இரண்டு டம்ளரில் பாதிப் பாதி வந்தது. கொடுத்தவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வர வேண்டியவர் வரமாட்டார் போலிருக்கிறது என்று முகத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் குடித்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். அதற்காகத்தானே போனது.

பீனியாவை நேரில் பார்த்தால்தான் தெரியும். ஆயிரக்கணக்கான பட்டறைகள். ஒரு ஷட்டருக்குள் கியர் வெட்டுகிறார்கள், அடுத்த ஷட்டரில் அதற்கு முலாம் பூசுகிறார்கள், எதிர் ஷட்டரில் ஸ்ப்ரிங் சுற்றுகிறார்கள். கூலன்ட் நாற்றம் சட்டையில் ஏறினால் இறங்காது. நான் அந்தச் சட்டையோடு மெட்ரோவில் ஏறினால் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். மெக்கானிக்கல் படித்ததில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

ஒரு நாள் அலுமினிய பிராக்கெட் ஒன்றுக்கு டிராயிங் வந்தது. அமெரிக்க வாடிக்கையாளர். சூப்பர்வைசர் லீவ். ஆபரேட்டர் பையன் என்னிடம் வந்து, ‘சார், இந்தக் காது இடது பக்கமா, வலது பக்கமா?’ என்று கேட்டான். என்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டு சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. டிராயிங்கைக் கையில் வாங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்து, ‘இடது’ என்றேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பொருளை வலது பக்கமிருந்து பார்த்து வரைந்த படத்தை, தாளில் வலது பக்கமே வைத்தால் அது தேர்டு ஆங்கிள். இடது பக்கம் வைத்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். நம் கல்லூரிகளில் சொல்லிக் கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்கக்காரர்கள் வரைவது தேர்டு. எது என்று தெரியத் தாளின் மூலையில் வெட்டிய கூம்பு மாதிரி ஒரு சின்னப் படம் போட்டிருப்பார்கள். முதல் செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்வி அது. நான் இரண்டுக்கு இரண்டு வாங்கியிருந்தேன். அந்த மூலையில்தான் என் கட்டை விரல் இருந்தது.

ட்ரே நிறைய பிராக்கெட் வந்தது. பளபளவென்று. மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். ஸ்ரீராமபுரத்துக்காரர், தமிழர், இருபது வருஷ சர்வீஸ். ஒன்றை எடுத்து வெர்னியர் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். டிராயிங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

‘சைஸெல்லாம் சுத்தமா இருக்கு தம்பி. ஒரு குறையும் சொல்ல முடியாது. கண்ணாடி முன்னாடி வெச்சுப் பாத்தா கரெக்டா இருக்கும்’ என்றார்.

மொத்தமும் ஸ்க்ராப்புக்குப் போனது. ஒன்றை மட்டும் அவர் எடுத்து என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்தார். புதிதாக வரும் ட்ரெய்னிகளை அழைத்துவந்து காட்டுவார். நானே எழுந்து நின்று விளக்கம் சொல்வேன். அந்த விளக்கத்தை நன்றாகச் சொல்கிறேன் என்று பெயர் வாங்கிவிட்டேன்.

கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. முப்பது நாளில் கற்றுத்தரும் புத்தகம் வாங்கினேன். முதல் பாடத்தை வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் ‘தாசரஹள்ளி பர்தீரா?’ என்று கேட்டேன். ‘நூத்தம்பது ஆகும், ஏறுப்பா’ என்றார் அவர். காய்கறிக்காரம்மா தமிழ், ஓனரம்மா பேசுவது பாதித் தமிழ், சூப்பர்வைசர் முழுத் தமிழ். யாராவது எனக்குத் தமிழே பேசாமல் உதவி செய்திருந்தால் நான் கற்றிருப்பேன். இத்தனை வருஷத்தில் பிழையில்லாமல் சொல்ல வருவது ‘கன்னட கொத்தில்லா’ ஒன்றுதான். அதையும் நான் சொல்லும் தெளிவைக் கேட்டுவிட்டு, பொய் சொல்கிறான் என்று நினைத்துக் கன்னடத்திலேயே தொடர்கிறார்கள்.

இனி பைக் கதை. ஊரிலிருந்து ரயில் பார்சலில் என் பைக்கை வரவழைத்தேன். பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். இது தெரியாமல் முதல் நாள் டேங்க்கை ஃபுல் செய்துகொண்டு போயிருந்தேன். சாக்கு கட்டுகிற அண்ணன் மிகவும் சந்தோஷப்பட்டார்.

பெங்களூர் சாலையில் டிஎன் 68 என்ற நம்பர் பிளேட்டோடு போவதில் எனக்கொரு பெருமை. ஒரு நாள் யஷ்வந்தபுரத்தில் போலீஸ் கை காட்டினார். நான் இன்டர்வியூவுக்கு மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ‘தமிழ்லயே சொல்லுப்பா’ என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் உருகிவிட்டேன். ‘எத்தனை நாளா இங்கே இருக்கே?’ என்று அன்பாகக் கேட்டார். ‘ரெண்டு வருஷத்துக்கு மேலே ஆச்சு சார், வண்டியும் கூடவே வந்துடுச்சு, இங்கேயே செட்டில் ஆயிட்டேன்’ என்றேன். குடும்பக் கதை சொல்லக்கூட தயாராக இருந்தேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும். ‘நேத்துதான் சார் வந்தேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் செட்டில் ஆனதைச் சொல்லியிருக்கிறேன். அபராதத்துக்கு ரசீது கொடுத்தார். தமிழில் ‘பாத்துப் போ’ என்றார்.

அதன்பிறகு ஒழுங்குப் பிள்ளையாக கும்பகோணம் போய் என்ஓசி வாங்கினேன். பெங்களூர் ஆர்டிஓவில் வண்டியைக் காட்டினேன். கர்நாடகத்துக்கு ஆயுள் வரி கட்டினேன். ஆயுள் என்றால் வண்டியின் ஆயுள். அதன் அன்றைய மார்க்கெட் விலையைக் கேட்டபோது மெக்கானிக், இப்போது வரி கட்டியிருப்பதால் கொஞ்சம் கூடும் என்றார். புது கேஏ நம்பர் பிளேட் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். ‘யாரோட வண்டிடா?’ என்று அம்மா கேட்டார்.

போட்டோ அனுப்பிய அந்த சீசனிலேயே எங்கள் கம்பெனி ஓசூர் சிப்காட்டில் ஒரு யூனிட் ஆரம்பித்தது. தமிழ் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் அங்கே போக வேண்டும் என்றார்கள். என் வேலையில் குறிப்பிட்டுச் சொல்லும்படியான தகுதி என்று நிர்வாகம் கண்டது அது ஒன்றுதான்.

ஓசூர் பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. சொந்த மாநிலத்துக்கு வந்துவிட்டோம், இனி ஒரு கணக்கும் போட வேண்டாம் என்று நிம்மதியாக இறங்கினேன். வீட்டு ஓனர் அவர் மனைவியிடம் தெலுங்கில் என்னைப் பற்றி ஏதோ சொன்னார். பக்கத்து வீட்டில் கன்னடம். வண்டியைப் பார்த்துவிட்டு அவர்கள் என்னிடமும் கன்னடத்திலேயே விசாரித்தார்கள். நான் சிரித்துவைத்தேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போலீஸ் நிறுத்தினார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். கன்னடத்தில் என்னவோ கேட்டார். அனுபவப்பட்டவன் அல்லவா, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இந்தத் தடவை வளவளக்காமல், எனக்குத் தெரிந்த அந்த ஒரே வாக்கியத்தைச் சுத்தமாகச் சொன்னேன்: ‘கன்னட கொத்தில்லா சார், தமிழ்தான்.’

அவர் மறுபடி நம்பர் பிளேட்டைப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டார்.

‘அப்போ இது யாரு வண்டி?’ என்றார்.